ஏறியது இறங்கியதா?



சில மாதங்களாக அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு புதுக் கேள்வி தலைகாட்டுகிறது. முன்பெல்லாம் சர்க்கரை அளவையும் கொழுப்பு அளவையும் எழுதி, "இது சரிதானா?" என்று கேட்பார்கள். இப்போது "ஸ்ட்ரெஸ் 78 என்று காட்டுகிறதே, பயப்பட வேண்டுமா?" என்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்பிவைத்த ஸ்மார்ட் வாட்ச் அப்பா அம்மா கையில் ஏறிவிட்டதன் விளைவு. திருவாரூர்ப் பக்கத்து வாசகி ஒருவர், ஆழித்தேர் வடம் பிடித்துக்கொண்டிருந்தபோது, 'உங்கள் மன அழுத்தம் அதிகமாக இருக்கிறது, சற்று ஓய்வெடுங்கள்' என்று கடிகாரம் அதிர்ந்ததாக எழுதியிருக்கிறார். அந்த வருஷத்திலேயே தாம் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான் என்றும் சேர்த்திருக்கிறார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டு, இந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

கடிகாரத்தின் அடிப்பக்கம் பச்சை வெளிச்சம் மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டின் நாளங்களில் ரத்தம் கூடிக் குறையும்போது, திரும்பி வரும் ஒளி குறைந்து கூடும். அதை வைத்துக் கடிகாரம் துடிப்பை எண்ணுகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்றும் கணக்குப் போடுகிறது. அதற்கு மேல் வருகிற 'ஸ்ட்ரெஸ்' எண் கம்பெனிக்காரர்களின் சூத்திரம். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். உள்ளே என்ன கணக்கு என்று முழுதாகச் சொல்லவும் மாட்டார்கள்.

தேர் இழுக்கும்போதும், மாடிப்படி ஏறும்போதும், காய்ச்சலிலும், கடைசி ஓவரில் ஆறு ரன் தேவைப்படும்போதும், மேலதிகாரி 'உடனே வாங்க' என்று ஆள் அனுப்பும்போதும் உடம்பு ஏறக்குறைய ஒரே ஏற்பாட்டைத்தான் செய்கிறது. துடிப்பு கூடும், ரத்தம் தசைகளுக்குத் திரும்பும், உள்ளங்கை வேர்க்கும், வயிறு தன் வேலையை ஒத்திவைக்கும். இந்தக் கடைசி விஷயத்தைக் கண்ணால் பார்த்தவர் ஹார்வர்டின் வால்ட்டர் கேனன். 1890களின் கடைசியில், எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட கையோடு, பூனைக்குப் பிஸ்மத் கலந்த உணவைக் கொடுத்து அதன் இரைப்பை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டால் அசைவு சட்டென்று நின்றுவிடும். சாந்தமானால் மறுபடி தொடங்கும். வலி, பசி, பயம், கோபம் இவை உடம்பில் செய்யும் மாறுதல்களை 1915இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். கேனன் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது மிரண்டதைக் கண்டார். கடிகாரம் உங்களைப் பார்ப்பதில்லை. உடம்பு எழுந்து நின்றது என்பது மட்டும் அதற்குத் தெரியும், எதற்காக எழுந்தது என்று தெரியாது. ஆகவே அந்தத் திருவாரூர் அம்மா 'ஸ்ட்ரெஸ்' எண்ணைத் தாராளமாக மறந்துவிடலாம்.

ஆனால் கடிகாரத்தையே ஒதுக்கிவிடவும் நான் சொல்ல மாட்டேன். அந்த எண்ணுக்கு அடியில் மருத்துவர்கள் மெய்யாகவே மதிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம்தான் அது.

நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் நொடிக்கு ஒன்று என்று நினைத்துக்கொள்வோம். ஆரோக்கியமான இதயம் அப்படித் துடிப்பதில்லை. ஓர் இடைவெளி 0.95 நொடி, அடுத்தது 1.04, அதற்கடுத்தது 0.98 என்று முன்னும் பின்னுமாகப் போகும். மூச்சை இழுக்கையில் சற்று வேகம், விடுகையில் சற்று நிதானம். வீட்டில் வயசுப் பிள்ளைகள் இருந்தால் நாடியில் விரல் வைத்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள். பலருக்கு விரலிலேயே தெரியும்.

இந்தச் சிறு தள்ளாட்டத்தின் மதிப்பைப் பிரசவ வார்டு முதலிலேயே கண்டுகொண்டது. அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஹான் 1960களில் கவனித்த விஷயம் இது. வயிற்றிலிருக்கும் குழந்தைக்குச் சிரமம் வரும்போது துடிப்பின் எண்ணிக்கை மாறுவதற்கு முன்னாலேயே இடைவெளிகளின் ஏற்ற இறக்கம் மாறிவிடுகிறது. இன்றைக்கும் தாயின் வயிற்றில் பெல்ட் கட்டிச் சி.டி.ஜி. எடுக்கும்போது நர்ஸம்மா அந்தப் பேப்பர் கோட்டை அதற்காகத்தான் உற்றுப் பார்க்கிறார். கோடு நிமிடத்துக்கு 5 முதல் 25 துடிப்பு அளவுக்கு நடுங்கிக்கொண்டே போனால் நிம்மதி. நடுக்கமில்லாமல் வழவழவென்று ஓடினால் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்ப்பார், ஏனென்றால் குழந்தை தூங்கினாலும் அப்படி ஆகும். பிறகும் மாறாவிட்டால் டாக்டரைக் கூப்பிடுவார். வெளியே உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் துடிப்புச் சத்தம் சீராகக் கேட்டால் போதும். உள்ளே அளவுக்கு மீறிய சீர்தான் கவலை.

பெரியவர்களுக்கும் அதே கதை என்பதை 1987இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேருக்கு நாள் முழுக்க இ.சி.ஜி. பதிவு எடுத்தார்கள், பிறகு சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். இடைவெளியில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவாக இருந்தவர்களிடம் இறப்பு, நிறைய இருந்தவர்களைவிட 5 மடங்குக்கு மேல்.

காரணம் வேகஸ் என்கிற நரம்பு. மூளையின் அடியிலிருந்து கிளம்பிக் கழுத்து வழியே இறங்கி இதயம், நுரையீரல், வயிறு எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போகும் நீளமான நரம்பு. இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 என்ற கணக்கில் துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு 70 இருக்கிறதென்றால், வேகஸ் பிரேக்கில் கால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். இதய மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இதை நேராகப் பார்க்கலாம். புது இதயத்துக்கு ரத்தக் குழாய்களை இணைக்கிறார்கள். நரம்பை இணைக்க முடிவதில்லை. அதனால் அவர்கள் ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் துடிப்பு 90, 100 என்று ஓடும். பிரேக்கில் கால் இருக்கும்வரை மூச்சுக்கு மூச்சு அழுத்தியும் தளர்த்தியும் ஓட்ட முடிகிறது. தொடர்ந்த கவலை, தூக்கக் கேடு, உடல் நோவு இவற்றில் கால் எடுபட்டுப் போகிறது. இடைவெளிகளும் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன.

இங்கே ஒரு கிளைக்கதை, ஆசிரியர் பக்கத்தின் சலுகையில். வேகஸ் எப்படி இதயத்தை அடக்குகிறது என்று கண்டுபிடித்த ஆஸ்திரிய விஞ்ஞானி ஓட்டோ லோவிக்கு அந்தச் சோதனை கனவில் வந்தது. நள்ளிரவில் எழுந்து துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். விடிந்தால் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. மறுநாள் இரவு அதே கனவு. இந்தத் தடவை காகிதத்தை நம்பவில்லை. நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். ஒரு தவளையின் இதயத்தில் வேகஸைத் தூண்டி, அது குளித்துக்கொண்டிருந்த திரவத்தை இன்னொரு தவளையின் இதயத்துக்குக் கொடுத்தார். நரம்பே இல்லாத அந்த இரண்டாவது இதயமும் வேகம் குறைந்தது. நரம்பு ஒரு ரசாயனத்தைச் சுரந்துதான் பேசுகிறது என்பதற்கான முதல் சான்று அது. 1921இல் வெளியிட்டார், 1936இல் நோபல் பரிசு வந்தது. இரண்டு வருஷத்தில் ஹிட்லரின் ஆட்கள் ஆஸ்திரியாவுக்குள் வந்தபோது, நாட்டைவிட்டுப் போக அனுமதி வாங்குவதற்காக அந்தப் பரிசுப் பணத்தையே ஒப்படைத்துவிட்டுப் போக நேர்ந்தது அவருக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிகாரத்தில் இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டும் எண் இருந்தால், இரவு தூக்கத்தில் அது எடுத்ததைப் பாருங்கள். பகலில் கை அசைவு கணக்கைக் கெடுத்துவிடும். வயது கூடக் கூட அது குறைவது இயல்பு. மகனுடையதோடு ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டாம், உங்களுடைய போன மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. ஏறுவது கெடுதல் என்று நாம் நினைத்துவிட்டோம். ஏறாத உடம்பு உயிருள்ள உடம்பே இல்லை. ஏறியது எப்போது இறங்கியது என்பதில்தான் ஆரோக்கியத்தின் கணக்கு இருக்கிறது.

டி.எம்.டி. டெஸ்ட் எடுத்தவர்களுக்குத் தெரியும். ஓடும் பட்டையில் நடக்கவிட்டு, மூச்சிரைக்கும்வரை வேகத்தைக் கூட்டுவார்கள். 'எவ்வளவு நேரம் ஓடினேன்' என்பதை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்வோம். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் 2,428 பேரை வைத்துச் செய்து 1999இல் வெளியான ஆய்வு, ஓடி முடித்த பின்னால் வரும் முதல் ஒரு நிமிடத்தைப் பார்த்தது. அந்த ஒரு நிமிடத்தில் துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கியவர்களுக்கு அடுத்த ஆறு வருஷத்தில் இறப்பு அபாயம் அதிகமாக இருந்தது. ஓட்டத்தில் ஏறியதெல்லாம் எல்லாருக்கும் ஏறியதுதான். இறங்குவதில் வித்தியாசம் தெரிந்தது.

மனதுக்கும் அப்படியொரு டெஸ்ட் வைத்திருக்கிறார்கள், ஜெர்மனியின் ட்ரையர் பல்கலைக்கழகத்தில் 1993இல் உருவானது. முகத்தில் சலனமே காட்டாத சிலர் எதிரே உட்கார்ந்திருக்க, வேலைக்கு நீங்கள் ஏன் தகுதியானவர் என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு 1,022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தப்பினால் மறுபடி 1,022. நம் ஊர் வைவாவைப் பார்த்துத்தான் செய்தார்களோ என்று தோன்றும். அந்தக் கொஞ்ச நேரத்தில் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் பெரும்பாலோருக்கு நன்றாக ஏறிவிடுகிறது. பின்னால் வேறொரு குழுவை ஐந்து நாள் தொடர்ந்து அதே சோதனைக்கு உட்படுத்தினார்கள். பெரும்பாலோருக்கு இரண்டாவது நாளே உடம்பு பழகிவிட்டது, ஏற்றம் குறைந்தது. சிலருக்கு மட்டும் நாள் தவறாமல் முதல் நாள் போலவே ஏறிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் நமக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் இதில் எந்த வகை என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

ரத்த அழுத்தமும் இறங்கத்தான் வேண்டும். ராத்திரி தூக்கத்தில் அது 10 முதல் 20 சதவீதம் குறைவது வழக்கம். குறையாதவர்களுக்கு இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுதல். லண்டன் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடரும் வைட்ஹால் ஆய்வில், மைக்கேல் மார்மட்டின் குழு ஒரு விஷயம் கண்டது. அலுவலக நேரத்தில் பெரிய அதிகாரிக்கும் கீழ்நிலை ஊழியருக்கும் ரத்த அழுத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் அதிகாரிக்கு நன்றாக இறங்கியது, கீழ்நிலை ஊழியருக்கு அவ்வளவாக இறங்கவில்லை. பெரிய நாற்காலிக்குத்தான் பெரிய டென்ஷன் என்று நாம் வைத்திருக்கும் நம்பிக்கையை இந்த ஆய்வுகள் கலைத்துப் போட்டன. அங்கே இதய நோயில் அதிகம் இறந்தவர்கள் கீழ்நிலை ஊழியர்கள்.

இந்த இடத்தில் ஓர் ஆதங்கத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. எதையும் அளந்து பார்க்காமலே 'எல்லாம் டென்ஷன்தான்' என்று அனுப்பிவிடும் பழக்கம் நம் ஊரில் ரொம்ப அதிகம். அதுவும் பெண்களை. படபடப்பு, களைப்பு, மூச்சு வாங்குகிறது என்று போனால், "மனசை அமைதியா வச்சுக்கங்கம்மா" என்கிற வார்த்தையோடு ஒரு தூக்க மாத்திரை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். ஹீமோகுளோபின் குறைந்தால், இருக்கிற ரத்தத்தை வைத்தே வேலையை முடிக்க இதயம் வேகமாக ஓடித்தான் ஆக வேண்டும். தைராய்டு கூடினாலும் படபடக்கும். இரண்டையும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். டென்ஷன் என்பது இவற்றையெல்லாம் பார்த்து ஒதுக்கிவிட்டுக் கடைசியில் சொல்ல வேண்டிய பதில்.

வயிற்றுப் புண்ணுக்கும் பல பத்தாண்டுகள் கவலைதான் காரணம் என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல் 1984இல் ஒரு பாக்டீரியாவைக் கலக்கித் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்ட பிறகுதான் பேச்சு மாறத் தொடங்கியது. அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு.

அளக்காமலே அனுப்பிவிடுவதற்கு நேரெதிரான பழக்கமும் வந்திருக்கிறது. பண்டிகைத் தள்ளுபடியில் 'ஸ்ட்ரெஸ் பேக்கேஜ்' என்று கார்ட்டிசாலை ஒருமுறை ரத்தத்தில் பார்த்துக் கொடுக்கிறார்கள். கார்ட்டிசால் விடிந்து எழுந்ததும் உச்சத்துக்குப் போய், நாள் முழுக்க இறங்கி, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு வரும் சரக்கு. ஊசிக்குப் பயந்தாலே கொஞ்சம் ஏறும். அட்ரினல் சுரப்பி நோய் இருக்கிறதா என்று மருத்துவர் சந்தேகப்பட்டு எழுதிக் கொடுத்தால் அதற்குப் பொருள் உண்டு. வாழ்க்கையில் நிம்மதி இருக்கிறதா என்று பார்க்க அதை எடுப்பது காசுக்குக் கேடு. ஆராய்ச்சியாளர்கள் முடியில்கூடக் கார்ட்டிசாலை அளக்கிறார்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால், தலையை ஒட்டிய 3 செ.மீ. போன மூன்று மாதத்தின் கதையைச் சொல்லும். சுவாரசியமான வேலைதான், ஆனால் உங்களுக்கும் எனக்கும் இன்றைக்குத் தேவைப்படாது.

தேவைப்படுவது பி.பி. நோட்டு. மேல்கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியை 1896இல் கொண்டுவந்த இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, அளக்கும்போது நோயாளியின் மனநிலையே எண்ணை ஏற்றிவிடும் என்பதைக் கண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் ஏறி வீட்டில் சரியாக இருப்பவர்கள் உண்டு; தலைகீழாக இருப்பவர்களும் உண்டு, அவர்கள்தான் கவனிக்க வேண்டியவர்கள். ஆகவே வீட்டில் பாருங்கள். காபிக்கும் நடைக்கும் பிறகு அரை மணியாவது போகட்டும். முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். பட்டை இறுகும்போது யாரோடும் பேசாதீர்கள். பேச்சே எண்ணை ஏற்றும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறையும் பார்த்து, இரண்டையும் தேதி போட்டு எழுதுங்கள். டாக்டருக்கு ஒற்றை எண்ணைவிட ஒரு வாரத்து வரிசை அதிகம் சொல்லும். மாத்திரையை நீங்களாகக் கூட்டுவதும் நிறுத்துவதும் வேண்டாம்.

மூச்சைப் பற்றியும் வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழு 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்குப் பிடிக்கும். 23 பேரை ஒருமுறை லத்தீனில் ஜெபமாலை சொல்லவும், ஒருமுறை திபெத்திய பௌத்த மந்திரம் சொல்லவும் வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. துடிப்பின் ஏற்ற இறக்கமும் கூடியது. ஜெபமாலையில் ஒரு பக்கத்தார் பாதியைச் சொல்லி, மறுபக்கத்தார் மீதியைச் சொல்வது வழக்கம். சொல்லும்போது மூச்சு நீளமாக வெளியேறும், மற்றவர் சொல்லும்போது நிதானமாக உள்ளே வரும். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் வழியெல்லாம் செய்வது இதைத்தான். மந்திரமோ ஜெபமோ பிடிக்காதவர்கள், ஐந்து நொடி இழுத்து ஐந்து நொடி விட்டாலும் அதே கணக்கு வரும்.

ஆனால் 'மூச்சை இழுத்து விடுங்கள்' என்று யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். படுக்கையில் விழுந்த மாமியாரையோ, பக்கவாதம் வந்த கணவரையோ, மறதி நோயில் பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் போன அம்மாவையோ பார்த்துக்கொள்கிறவர் ராத்திரி மூன்று முறை எழுந்திருக்கிறார். கேட்டால் "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் இவர்களிடம் கேள்வித்தாளோடு நிறுத்தவில்லை. மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், அதே வயதும் வருமானமும் உள்ள மற்றப் பெண்கள் 13 பேர். எல்லாருடைய முன்கையிலும் 3.5 மி.மீ. அளவில் ஒரு சிறு காயம் செய்து, அது ஆற எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணினார். மற்றவர்களுக்குச் சராசரி 39 நாள். பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஏறக்குறைய 49 நாள். 1995இல் வெளிவந்த இந்த ஆய்வில் ஆட்கள் குறைவு என்பது உண்மைதான். மூன்று வருஷம் கழித்து அதே குழு பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் விடுமுறையில் ஒரு காயமும், பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு ஒரு காயமும் செய்து பார்த்தது. பரீட்சைக் காலக் காயம் ஆற 40 சதவீதம் கூடுதல் நாள் ஆனது. விடுமுறையில் ஆறிய வேகத்தில் பரீட்சை நேரத்தில் ஆறியவர் ஒருவர்கூட இல்லை. பரீட்சை முடிந்துவிடும். வீட்டு நோயாளிக்கு அப்படியொரு கடைசித் தேதி கிடையாது.

இப்படிப் பார்த்துக்கொள்கிறவருக்கு நாம் செய்யக்கூடியது கடிகாரம் வாங்கித் தருவதல்ல. சனிக்கிழமை மத்தியானம் நாம் போய் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டு, அவரைத் தூங்க அனுப்புவது. மாதத்துக்கு ஒருமுறை வந்து 'அம்மாவை நல்லாப் பார்த்துக்க' என்று அறிவுரை சொல்லிவிட்டுப் பஸ் ஏறும் அண்ணன் தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். சொந்தம் என்று யாரும் இல்லாத இடத்தில், தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்யும் இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அடுத்த இதழில், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்று சில பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் பி.பி. அளவையும், போன வாரம் எத்தனை மணி நேரம் உங்களுக்கு மாற்றாக வேறொருவர் இருந்தார் என்பதையும் எழுதி அனுப்புங்கள். உங்கள் கேள்விகளுக்கு ஒரு பொது மருத்துவரும் ஒரு மனநல மருத்துவரும் பதில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்